புங்கையும் ஆடாதோடையும்: கோரமண்டல் வீட்டுத் தோட்டத்தில் நிழலும் மருந்தும்

புங்கை நிழலுக்காக வளர்க்கப்படும் மரம். ஆடாதோடை மருந்துக்காக வளர்க்கப்படும் செடி. இரண்டும் இந்த மண்ணுக்கே உரியவை, இரண்டும் வறட்சியைத் தாங்குபவை. கோலார் தங்கவயலின் செம்மண்ணில் இரண்டுமே சிரமமின்றி வேர்பிடிக்கின்றன. இடமும் நீரும் தாராளமாக இருக்கும் தோட்டத்தில் இவ்விரண்டையும் ஒப்பிட வேண்டிய அவசியமே வராது, இரண்டையும் நட்டுவிடலாம். சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டின் முன்புறம் ஒரு கட்டில் போடும் அளவுக்கு மட்டுமே இடம், குழாயில் தண்ணீர் வரும் நாளும் நேரமும் உறுதியில்லை என்ற நிலையில்தான் எதை எங்கே நடுவது என்ற கேள்விக்கு எடை கூடுகிறது. தங்கவயலில் அதோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்கிறது: காலடியில் இருக்கும் மண் எங்கிருந்து வந்தது?

பங்காருபேட்டையிலிருந்து மாரிகுப்பம் போகும் கிளை ரயில்பாதையில், ஊர்காமுக்கு முன்னால் வரும் தங்கவயல் நிலையம் கோரமண்டல். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரமுள்ள மேட்டுநிலம் இது. ஆண்டு மழை ஏறத்தாழ 700 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பங்கு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பெய்துவிடும். பிப்ரவரியில் தொடங்கும் வறட்சி மே மாதக் கோடைமழை வரை நீளும். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கே சுரங்கத் தொழிலில் இறங்கியபின் வட ஆற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக வந்து குடியேறின. அவர்களுக்குத் தட்டியும் தகரமும் கொண்டு வரிசை வரிசையாக லைன் வீடுகள் எழுந்தன. அதிகாரிகளின் பங்களாக்களைச் சுற்றிப் பரந்த காம்பவுண்டும் மரங்களும் பூந்தோட்டங்களும் இருந்தன. லைன் வீட்டுக்கு வாசல் மட்டுமே இருந்தது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்ட பிறகும் அந்த வாசலின் அளவு மாறவில்லை. தங்கவயலில் தோட்டம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. இங்கே பேசப்படுவது வாசலளவுத் தோட்டம்.

புங்கை பயறு, அவரை முதலியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. பொதுவாக 12 முதல் 15 மீட்டர் வரை உயர்கிறது. உயரத்துக்கு ஏறக்குறைய ஒத்த அளவுக்குக் கிளை பரப்புகிறது. கூட்டிலை, ஒரு காம்பில் 5 முதல் 9 வரை சிற்றிலைகள். மேற்புறம் வழவழப்பாக, எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். வேரில் முடிச்சுகள் உண்டு. அவற்றில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மரத்துக்குப் பயன்படும் வடிவில் மாற்றித் தருகின்றன. சத்தில்லாத நிலத்திலும் இது தழைப்பதற்கு அதுவே முதன்மைக் காரணம். ஆணிவேர் ஆழமாக இறங்குவதால், முதல் இரண்டு கோடையைக் கடந்துவிட்ட மரத்துக்கு யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. கடலோர உப்பு மண்ணிலும் வளரக்கூடியது என்பதால், உப்புச் சுவை ஏறிய ஆழ்துளைக் கிணற்று நீரும் இதற்குப் பெரிய தடையில்லை. கன்னடத்தில் ஹொங்கே என்று அழைக்கப்படும் இந்த மரம் பெங்களூர்த் தெருக்களிலும் கோலார் மாவட்ட வயல் வரப்புகளிலும் ஏராளமாக நிற்கிறது.

நிழல்மரமாக இதன் சிறப்பு, இலை உதிரும் காலத்தில் இருக்கிறது. மாசி ஒட்டிப் பழைய இலைகளை உதிர்க்கும் புங்கை, சில வாரங்களிலேயே வெளிர்ப்பச்சைத் தளிரால் நிறைந்துவிடுகிறது. வெயில் உச்சம் தொடும் சித்திரையில் கிளை முழுதும் இலை. அழகுக்காக நடப்படும் குல்மொகர் மரமோ அதே பருவத்தில் மொட்டையாக நின்று, பின்னர் பூவால் மட்டும் நிறையும். நிழல் வேண்டிய நாளில் நிழல் தராது. தூங்குமூஞ்சி மரம் பெரும் குடையாக விரியும்; ஆனால் அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்த அந்த மரத்தின் கிளைகள் காற்றில் முறியக்கூடியவை, சாலையோரத்துக்கும் மைதானத்துக்கும் அது பொருந்துமே தவிர தகரக் கூரைக்கு அருகில் ஆகாது. வேம்பு நல்ல மரம்தான். ஆயினும் புங்கையின் நிழல் வேம்பின் நிழலைவிட அடர்த்தியானது. கிளைகளும் தாழ்ந்து படர்வதால் சாய்வெயிலையும் மறைக்கிறது.

சாய்வெயில் என்பது இங்கே சாதாரண விஷயமில்லை. தங்கவயல் ஏறத்தாழ 13 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. ஆகஸ்ட் நடுப்பகுதியில் மறுபடியும் அதே இடம். இடைப்பட்ட மாதங்களில் அது உச்சிக்குச் சற்றே வடக்கில் நிற்கும். ஆக, கோடையில் வீட்டின் தென்சுவர் அதிகம் காய்வதில்லை. காய்பவை கூரையும் மேற்குச் சுவரும்தான். பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை மேற்குச் சுவர் வாங்கிச் சேர்க்கும் சூடு இரவு நெடுநேரம் அறைக்குள் கசிகிறது. புங்கையை வீட்டின் மேற்கே நட்டால் அந்த மூன்று மணி நேர வெயிலை அது தன் மேல் வாங்கிக்கொள்ளும். மரநிழல் குளிர்வதற்குக் காரணம் வெயிலைத் தடுப்பது மட்டுமன்று. இலைகள் வெளியேற்றும் நீராவியும் சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தைக் குறைக்கிறது. சிமெண்ட் ஷீட் பந்தலுக்கும் மரத்துக்கும் உள்ள வேறுபாடு அதுதான். ஷீட் தானே சூடேறி அடியில் இருப்பவர்மேல் அனல் வீசும். இலை அவ்வளவு சூடேறுவதில்லை.

புங்கையிலும் மருந்து உண்டு. விதையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கசப்பு எண்ணெய் இருக்கிறது. தோல்நோய்களுக்குப் பூசவும் விளக்கெரிக்கவும் அது நெடுங்காலம் பயன்பட்டது. 1990களின் பிற்பகுதியில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்தவர்கள், ஹொங்கே எண்ணெயில் டீசல் எஞ்சினை ஓட்டிக் கர்நாடகக் கிராமங்களுக்கு மின்சாரம் தர முடியும் என்று காட்டினார்கள். பிண்ணாக்கு நல்ல உரம். மண்ணிலிருக்கும் பூச்சிகளையும் கட்டுப்படுத்தும். ஆனால் விதையை உண்ணக்கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் உதிர்ந்த காய்களைப் பெருக்கி அள்ளிவிட வேண்டும். இலைகளில் சிற்றுண்ணிகளால் கொப்புளம் கொப்புளமாகத் தடிப்பு வரும். பார்ப்பதற்கு நோய்போல் தெரிந்தாலும் வளர்ந்த மரத்துக்கு அதனால் பெரிய கேடில்லை, மருந்தடிக்கத் தேவையில்லை.

இனி ஆடாதோடை. ஆளுயரத்துக்கு, சில இடங்களில் அதற்கு மேலும், புதராக வளரும் செடி. மரமென்றும் சொல்ல முடியாது, கீரைபோல மென்மையானதும் அன்று. இலை ஈட்டி வடிவம், நல்ல நீளம், கசக்கினால் ஒருவித நாற்றம். பூ வெள்ளை, உள்ளே ஊதாக் கோடுகள். ஆடு மேயாது என்பது ஊரறிந்த செய்தி. தெருவில் ஆடுகள் சுற்றும் லைன்களில் வேலியில்லாமல் பிழைக்கக்கூடிய வெகுசில செடிகளுள் இது ஒன்று. தமிழ்நாட்டுக் கிராமங்களில் வேலியோரம் நட்டு, தழையை வயலுக்கு உரமாக வெட்டிப்போடும் வழக்கமும் உண்டு.

மருந்தாக ஆடாதோடையின் இடம் உறுதியானது. சளி, இருமல், இரைப்பு ஆகியவற்றுக்குச் சித்த மருத்துவம் இதன் இலையைக் குடிநீராகவும் மணப்பாகாகவும் தருகிறது. 2020இல் தமிழ்நாடு முழுதும் பரவலாக வழங்கப்பட்ட கபசுரக் குடிநீரின் சரக்குகளில் ஆடாதோடை இலையும் ஒன்று. ஆயுர்வேதத்தில் இதன் பெயர் வாசா. 1888இல் உதகமண்டலத்தில் சென்னை அரசின் சின்கோனா வேதியியலாளராகப் பணியாற்றிவந்த டேவிட் ஹூப்பர், இதன் இலையிலிருந்து ஓர் ஆல்கலாய்டைப் பிரித்தெடுத்து, வாசாவின் பெயராலேயே அதற்கு வாசிசின் என்று பெயர் கொடுத்தார். அதன் மூலக்கூறு அமைப்பை முன்மாதிரியாக வைத்து ஐரோப்பிய வேதியியலாளர்கள் செய்த மாற்றங்களிலிருந்து புரோம்ஹெக்சின் என்ற சளி இளக்கும் மருந்து பிறந்தது. 1960களில் அது விற்பனைக்கு வந்தது. புரோம்ஹெக்சின் உடலுக்குள் மாறும்போது உண்டாகும் பொருளே அம்ப்ராக்சால். இன்று மருந்துக்கடையில் இருமல் சிரப் வாங்குகிற பலர், கொல்லைப்புறத்து ஆடாதோடையின் வழியில் வந்த மருந்தையே குடிக்கிறார்கள். நீலகிரியில் தொடங்கிய இந்த வரலாறு தமிழ்ப் பாடநூல்களில் இன்னும் விரிவான இடம் பெற வேண்டியது.

மருந்து என்றால் அளவும் எல்லையும் சேர்ந்தே வரும். வாசிசினுக்குக் கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை உண்டு. ஆகவே கருவுற்ற பெண்கள் ஆடாதோடையைத் தவிர்க்க வேண்டும். கைக்குழந்தைகளுக்கும் வேறு மருந்து உட்கொள்பவர்களுக்கும் மருத்துவரைக் கேட்காமல் கொடுப்பது சரியன்று. தங்கவயலில் இதைவிட அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. இங்குள்ள முதியவர்கள் பலரின் இருமல் சாதாரண இருமலன்று. பாறையைத் துளையிடும்போது எழும் மணல்தூசியை ஆண்டுக்கணக்காகச் சுவாசித்ததால் நுரையீரலில் தழும்பு விழும் நோய் சிலிக்கோசிஸ். இந்தியாவில் அந்த நோயைப் பற்றிய தொடக்ககால மருத்துவ அறிக்கைகளுள் முக்கியமானவை 1940களில் இந்தத் தங்கவயலிலிருந்தே வந்தன. நுரையீரல் தழும்பை எந்த இலையும் கரைக்காது. ஆடாதோடை சளியை இளக்கும், மூச்சுக்கு ஓரளவு எளிமை தரும், அவ்வளவே. மூச்சு வாங்குகிற பழைய சுரங்கத் தொழிலாளியைக் கஷாயத்தை மட்டும் நம்பி வீட்டில் வைத்திருப்பது அவருக்குச் செய்யும் தீங்கு. காசநோயும் சிலிக்கோசிஸும் சேர்ந்து வருவது வழக்கம் என்பதால் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் கட்டாயம்.

இதுவரை சொன்னவை எந்த ஊருக்கும் பெரும்பாலும் பொருந்தும். கோரமண்டலுக்கும் அதன் அண்டை வார்டுகளுக்கும் மட்டும் உரியது இனி வருவது.

1890களிலிருந்து தங்கவயலில் தாதுவை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்துப் பிரித்தார்கள். தங்கம் எடுத்தபின் மிஞ்சிய சாம்பல் நிற நுண்மணல் குன்று குன்றாகக் குவிக்கப்பட்டது. ஊர்மக்கள் சயனைடு குன்று என்று அழைக்கும் அந்தக் குவியல்கள் 13. சுமார் 1,003 ஏக்கரில் பரந்திருக்கின்றன. மொத்தம் 3 கோடி டன்னுக்கு மேல். 2024 ஜூன் மாதம் அவற்றிலிருந்து மறுபடியும் தங்கம் எடுப்பதற்குக் கர்நாடக அமைச்சரவை இசைவு தெரிவித்தது. குன்றுகளில் புல்கூட அரிதாகவே முளைக்கிறது. அந்த மணலில் மட்கு இல்லை, நைட்ரஜன் இல்லை. மழைநீர் அதில் தங்குவதுமில்லை. ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று வீசும்போது அந்த நுண்மணல் எழுந்து லைன்களின் மேல் இறங்குகிறது. வாசலில் காயும் துணி, மூடாத பாத்திரம், இலை, எல்லாவற்றின் மேலும் மெல்லிய சாம்பல் படலம் படியும்.

சயனைடின் பெரும்பகுதி வெயிலிலும் காற்றிலும் காலப்போக்கில் சிதைந்துவிடும். அச்சம் தர வேண்டியவை அதற்குப் பின்னும் எஞ்சுபவை: நுரையீரலைத் துளைக்கும் நுண்ணிய சிலிக்கா, தாதுவோடு வந்த கந்தகச் சேர்மங்கள், சில இடங்களில் ஆர்செனிக், காரீயம் போன்றவை. எந்த வாசலில் எவ்வளவு இருக்கிறது என்பதை மண் பரிசோதனைதான் சொல்லும். குன்றுக்கு அருகில் இருக்கும் வாசலில், பள்ளம் தூர்க்க அந்த மணலையே கொட்டியிருந்தால், அங்கே வளரும் செடி அவற்றைக் கொஞ்சமேனும் உறிஞ்சக்கூடும் என்று கருதுவதே பாதுகாப்பு.

மரமும் மூலிகையும் இந்த இடத்தில் முற்றாகப் பிரிகின்றன. புங்கை தரும் பயன் நிழல். நிழல் யாருடைய வயிற்றுக்குள்ளும் போவதில்லை. மண்ணில் என்ன கலந்திருந்தாலும் புங்கநிழலில் உட்காருபவருக்கு அதனால் கேடில்லை. அதற்கு மேலும், அடர்ந்த கிளைகள் தூசிக்காற்றின் வேகத்தைக் குறைக்கின்றன. இலைகளில் தூசி தங்குகிறது. வழவழப்பான இலையாதலால் அடுத்த மழை அதைக் கழுவித் தரையில் சேர்த்துவிடுகிறது. காற்றில் பறந்து மூக்கில் ஏறுவதைவிடத் தரையில் கிடப்பது மேல். ஆடாதோடை தரும் பயனோ இலையின் சாறு. வேர் எதைக் குடித்ததோ, இலைமேல் எது படிந்ததோ, அது குடிப்பவரின் உடலுக்குள் போகிறது. ஆடாதோடை இலையில் நுண்ணிய ரோமம் உண்டு, துளசியிலும் உண்டு, புங்கையிலையைப் போலத் தூசியை எளிதில் விட்டுவிடாது. இருமலுக்கென்று பறித்த இலையிலேயே இருமலைக் கொண்டுவந்த தூசி இருக்கலாம்.

ஆகவே இந்த ஊரில் மரத்தை உள்ளூர் மண்ணில் நடலாம். மூலிகைக்கு மண்ணைக் கொண்டுவந்தாக வேண்டும். பழைய பெயின்ட் டப்பாவோ ரசாயன டிரம்மோ வேண்டாம். மண்தொட்டியோ சிமெண்ட் தொட்டியோ போதும். குன்றுகளுக்குத் தொலைவான வயலின் செம்மண் இரண்டு பங்கு, நன்கு மட்கிய சாணம் ஒரு பங்கு. தொட்டியைத் தரையிலேயே வைக்காமல் செங்கல்மேல் வைத்தால் மழை தெறிக்கும்போது வாசல் மண் இலைமேல் படியாது. பறித்த இலையை ஓடும் நீரில் இருபுறமும் தேய்த்துக் கழுவ வேண்டும். காற்று வீசும் ஆனி, ஆடியில் வெளியில் நிற்கும் செடியின் முற்றிய இலைகளை வெட்டி எறிந்துவிட்டு, மழைக்குப்பின் துளிர்த்த இலையைப் பயன்படுத்துவது இன்னும் நல்லது. பெங்களூரில் 1993இல் தொடங்கப்பட்ட எஃப்.ஆர்.எல்.ஹெச்.டி. என்ற மூலிகைப் பாதுகாப்பு நிறுவனம் கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம் மூன்றிலும் வீட்டு மூலிகைத் தோட்டங்களைப் பரப்பிய நிறுவனம். அத்தகைய பணி தங்கவயலுக்கு வரும்போது கன்றோடு மண்ணையும் கொடுக்க வேண்டியிருக்கும். கன்று மட்டும் கொடுப்பது பாதி வேலை.

நீர்க்கணக்கு வேறு விதமானது. சுரங்கம் நடந்த நாளில் பேத்தமங்கலத்திலிருந்து குழாய்வழி வந்த பாலாற்று நீர் இந்த ஊரைக் காப்பாற்றியது. இப்போது பல தெருக்களில் லாரித் தண்ணீரை எதிர்பார்த்துக் குடங்கள் வரிசையில் நிற்கின்றன. புங்கைக்குத் தேவை முதல் இரண்டு கோடையில் மட்டும். வாரம் இரண்டு முறை ஒரு குடம் போதும். அதுவும் நல்ல தண்ணீராக இருக்க வேண்டியதில்லை. பாத்திரம் கழுவிய நீரையும் துணி அலசிய நீரையும் ஊற்றலாம். தொட்டியிலுள்ள ஆடாதோடைக்கு ஆண்டு முழுதும் சிறிது சிறிதாக, ஆனால் தவறாமல் வேண்டும். அதன் இலை உள்ளுக்குப் போவதால் சோப்பு நீரும் பொருந்தாது. பத்து ஆண்டுகளுக்குக் கூட்டிப் பார்த்தால் சிறிய செடிதான் அதிகம் குடிக்கிறது. பெங்களூருக்கு விடியற்காலை ரயிலில் போய் இரவு திரும்புகிற குடும்பங்களில் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். பெரும்பாலும் அது வீட்டிலிருக்கும் பாட்டியின் வேலை. தொட்டி அவர் குனியாமல் ஊற்றும் உயரத்தில் இருக்க வேண்டும்.

இடம் என்று பார்த்தால் ஆடாதோடைத் தொட்டிக்கு இரண்டு அடி போதும். புங்கைக்குச் சுவரிலிருந்து குறைந்தது 10 அடி தள்ளிக் குழி வேண்டும், 12 அடி என்றால் இன்னும் நல்லது. தங்கவயல் வீடுகளுக்கு இதில் கூடுதல் எச்சரிக்கை தேவை. நூறாண்டுக்கு மேல் ஆழத்தில் தோண்டியதால் பூமிக்குள் பாறை வெடித்து நிலம் அதிர்வது இந்த ஊருக்குப் பழக்கம். அந்த அதிர்ச்சியில் பழைய சுவர்கள் பலவற்றில் விரிசல் உண்டு. விரிசல் விட்ட அடித்தளத்துக்கு அருகில் எந்த மரவேரையும் விடக்கூடாது. குழாய், கழிவுநீர்க் கால்வாய், மின்கம்பி ஆகியவற்றையும் பார்த்தே இடம் குறிக்க வேண்டும்.

பத்தடி வாசலில் பத்தடி தள்ளி நட முடியாது. அதனாலேயே பலர் மரத்தைக் கைவிட்டு மூலிகையோடு நின்றுவிடுகிறார்கள். இங்கே கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்பது பயன்தரும். ஆடாதோடை ஒரு வீட்டின் செடி. அந்த வீட்டில் யாருக்கு என்ன நோய் என்பதைப் பொறுத்து அதன் தேவை அமைகிறது. புங்கை ஒரு லைனின் மரம். முழுதாய் வளர்ந்த ஒரு புங்கையின் நிழல் நான்கைந்து வாசல்களைத் தொடும். அதன் தூசித் தடுப்பு தெருவுக்கே பயன்படும். அதன் சருகைப் பெருக்குவதும் எல்லோருக்கும் வந்துசேரும் வேலை. லைன் முடியும் இடத்தில், குழாயடி அருகில், கோயில் அல்லது சர்ச் முற்றத்தில், இரண்டு லைன்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடத்தில் புங்கைக்கு எப்போதும் இடம் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு மரம் என்ற முழக்கம் பங்களா காம்பவுண்டுக்குப் பொருந்தும். லைனுக்கு இரண்டு மரம், வீட்டுக்கு ஒரு தொட்டி என்ற கணக்கே கோரமண்டலுக்குப் பொருந்தும்.

உரிமைப் பிரச்சினையும் அதே பக்கம் சாய்கிறது. பட்டா கையில் இல்லாத குடும்பம் நாளை வேறு வீட்டுக்குப் போக நேர்ந்தால் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம். மரத்தை எடுத்துப்போக முடியாது. அதோடு, 1976ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மரத்தை வெட்டப் பொதுவாக மர அதிகாரியின் அனுமதி வேண்டும். சில வகைகளுக்கு மட்டுமே விலக்கு. ஆகவே தவறான இடத்தில் நட்ட மரத்தைப் பின்னால் திருத்திக்கொள்வது எளிதன்று. தவறாக வைத்த தொட்டியை ஒரே நாளில் நகர்த்திவிடலாம்.

நிழலும் மருந்தும் ஒரே மரத்தில் கிடைக்கும் என்று எண்ணித் தைலமரத்தை நாடுபவர்களும் உண்டு. 1980களில் சமூகக் காடு வளர்ப்பின் பெயரால் கோலார் மாவட்டம் முழுதும் அது நடப்பட்டது. அதன் இலைகள் வெயிலுக்கு விளிம்பைக் காட்டித் தொங்குவதால் நிழல் மிக மெல்லியது. நிலத்தடி நீர் வற்றிப்போன மாவட்டத்தில் அதன் நீர்த்தாகம் பெரிய விவாதமாகி, 2017இல் கர்நாடக அரசு புதிதாக அதை நடுவதற்கே தடை விதித்தது. வீட்டுத் தோட்டத்தில் அதற்கு இடமில்லை.

ஆடாதோடைக்குப் பதிலாக வேறு மூலிகையை விரும்புபவர்களுக்கும் மேற்சொன்ன மண்விதி அப்படியே பொருந்தும். துளசி குறுகிய ஆயுள் கொண்டது, ஆண்டுக்கொருமுறை புதுக்கன்று வேண்டும். தூதுவளை இருமலுக்கு நல்லது, முள்ளோடு படரும், பந்தல் தேவை. கற்பூரவள்ளி எல்லாவற்றிலும் எளிது, ஒடித்து நட்டால் போதும். நிலவேம்பு ஒரு பருவத்தில் முடிந்துவிடும். பல்லாண்டு நின்று, ஆட்டுக்கும் தப்பி, வெட்ட வெட்டத் துளிர்ப்பது ஆடாதோடையே என்பதால்தான் இங்கே அது முன்வைக்கப்படுகிறது.

இரண்டும் அருகருகே இருந்தால் ஒன்றுக்கொன்று உதவவும் செய்கின்றன. ஆடாதோடை பாதி நிழலைப் பொறுத்துக்கொள்ளும். புங்கையின் கிழக்கு ஓரத்தில் காலை வெயிலை வாங்கி, பிற்பகல் நிழலில் இருக்கும் தொட்டிக்குக் கோடையில் நீர்ச்செலவு குறையும். சித்திரை, வைகாசியில் புங்கையடியில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாய்க் கொட்டிக் கிடக்கும் பூ சீக்கிரம் மட்கும். தொட்டிச் செடிகளுக்கு அது நல்ல உரம். ஆனால் சயனைடு குன்றையொட்டிய தெருவில் அந்தப் பூவோடு சேர்ந்து தரைத் தூசியும் வரும். அங்கே தரையில் கிடப்பதை வாரி எடுக்காமல், மரத்தடியில் துணி விரித்துச் சேர்த்த பூவை மட்டும் தொட்டிக்கு இட வேண்டும்.

நடும் காலம் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே. புங்கை விதையை ஊறவைக்கக்கூடத் தேவையில்லை; புதிய விதையைப் பையில் ஊன்றினால் இரண்டு வாரத்துக்குள் முளைக்கும். ஓராண்டுக் கன்றை ஆவணி கடைசியில் அல்லது புரட்டாசி மழையில் இரண்டடிக் குழியில் நட வேண்டும். குழியில் எடுத்த மண் சாம்பல் நிற மணலாக இருந்தால் பாதியை நீக்கிச் செம்மண்ணும் சாணமும் கலந்து நிரப்புவது வேர்பிடிக்க உதவும். ஆடு புங்கையைப் பெரிதாக விரும்பாது என்றாலும் பசிக்காலத்தில் குருத்தைக் கடித்துவிடும், ஆகவே முதல் இரண்டு ஆண்டுகள் முட்கூண்டு அவசியம். தலைக்குமேல் கிளை பிரியும்படி, ஏழடி உயரம் வரை பக்கக் கிளைகளை ஆண்டுதோறும் கார்த்திகையில் கழித்துவிட வேண்டும். ஒரேயடியாகக் கழித்தால் தண்டு மெலிந்து காற்றில் வளையும்.

ஆடாதோடையை மூன்று நான்கு கணுவுள்ள முற்றிய போத்தாக வெட்டி அதே புரட்டாசியில் ஊன்றலாம். முதல் துளிர் வந்ததும் வேர்பிடித்துவிட்டது என்று நினைத்துப் பிடுங்கிப் பார்க்கக் கூடாது. போத்திலிருக்கும் சத்தாலேயே துளிர் வரும், வேர் பின்னால்தான் வரும். நான்கைந்து கிளை விட்டு நன்றாகத் தழைத்தபின் இலை பறிக்கத் தொடங்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் புதர் அடர்ந்து வரும். வெட்டிய தண்டுகளை அடுத்த வீட்டுக்குக் கொடுத்தால் அங்கே அது இன்னொரு தொட்டியாகும். இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை தொட்டி மண்ணை முழுதும் மாற்ற வேண்டும். காற்றில் வந்து படியும் நுண்மணல் அதற்குள் மேல்மண்ணில் சேர்ந்திருக்கும். எடுத்த பழைய மண்ணை வேறு மூலிகைத் தொட்டிக்கோ கீரைப்பாத்திக்கோ போடாமல் புங்கையின் அடியில் கொட்டிவிடலாம்.